கேம் டைமிங் ஒரு பல் தள்ளியதா? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழிமுறை

எஞ்சினைப் பிரித்து, புது ரிங் போட்டு, வால்வுகளை லேப்பிங் செய்து, எல்லாம் பூட்டி முடித்தாகிவிட்டது. கிக்கரை உதைத்தால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. அல்லது ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் பழைய இழுவை இல்லை. இந்த இடத்தில் பலரும் கார்புரேட்டரைக் கழற்றுகிறார்கள், காயிலை மாற்றுகிறார்கள், கடைசியில் ரிங்கைச் சந்தேகப்பட்டு பிளாக்கை மறுபடி இறக்குகிறார்கள். ஒரு ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் நான் அப்படி இரண்டு முறை பிளாக்கை இறக்கி ஏற்றினேன். இரண்டாம் முறை ஹெட்டைப் பூட்டும்போதுதான் கேம் ஸ்ப்ராக்கெட்டின் (வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டைச் செயின் வழியாகச் சுற்றும் பல்சக்கரம்) குறி ஒரு பல் பின்தங்கி நின்றது கண்ணில் பட்டது. ரிங்கில் ஒரு குறையும் இருக்கவில்லை. டைமிங்கை, அதாவது பிஸ்டனுக்கு ஏற்ற நேரத்தில் வால்வுகள் திறந்து மூடுகின்றனவா என்பதை, முதலிலேயே பார்த்திருந்தால் வால்வு கவரோடு வேலை முடிந்திருக்கும்.

அதனால்தான் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் எஞ்சின் என்ன செய்கிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த இரண்டு பகுதிகளையும் யாரும் தாண்ட வேண்டாம். மற்ற எல்லாம் அவற்றின் மேல்தான் நிற்கிறது.

ஒரு பல் என்றால் எவ்வளவு?

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் (பிஸ்டன் சுற்றும் தண்டு) இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்றும். அதனால் கேம் ஸ்ப்ராக்கெட்டில் கிராங்க் ஸ்ப்ராக்கெட்டைப் போல இரு மடங்கு பற்கள் இருக்கும். கேமில் 32 பல், கிராங்கில் 16 பல் என்று வைத்துக்கொள்வோம். கேமில் ஒரு பல் என்பது 11.25 டிகிரி. கிராங்க் கணக்கில் அது 22.5 டிகிரி. வால்வு 22.5 டிகிரி முன்னாலோ பின்னாலோ திறந்து மூடுவது சின்ன விஷயம் இல்லை. பற்கள் குறைவாக உள்ள ஸ்ப்ராக்கெட்டில் இன்னும் மோசம்: 28 பல் என்றால் கிராங்க் கணக்கில் கிட்டத்தட்ட 26 டிகிரி.

இதைக் கண்ணால் பார்ப்பதற்கும் ஒரு அளவு இருக்கிறது. சிறிய எஞ்சின்களில் அதிகம் காணப்படும் டைமிங் செயினின் கண்ணி இடைவெளி 6.35 மி.மீ. ஸ்ப்ராக்கெட் ஒரு பல் தள்ளியிருந்தால் அதன் விளிம்பில் உள்ள குறியும் ஏறக்குறைய 6 மி.மீ. தள்ளி நிற்கும். குறி 1 அல்லது 2 மி.மீ. மட்டும் தள்ளியிருந்தால் அது வேறு கதை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இரண்டு மூன்று இடங்களில் தேவைப்படும்.

சரியாக வைக்கும் முறை

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். கம்ப்ரஷன் எதிர்ப்பு இல்லாமல் எஞ்சின் கைக்கு இதமாகச் சுற்ற வேண்டும். மேக்னட் (கிராங்கின் முனையில் உள்ள காந்தச் சக்கரம்) நட்டில் ஸ்பானர் போட்டு, எஞ்சின் ஓடும் திசையிலேயே சுற்றுங்கள். திசை தெரியாவிட்டால் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை முன்னோக்கி உருட்டிப் பாருங்கள். மேக்னட் எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அதுதான் ஓடும் திசை.

மேக்னட்டில் பெரும்பாலும் இரண்டு குறிகள் இருக்கும். ‘டி’ என்பது பிஸ்டன் மேல் உச்சியில் இருக்கும் இடம். ‘எஃப்’ என்பது ஸ்பார்க் விழும் இடம். எஃப் முதலில் வரும், டி பின்னால் வரும். கேம் பூட்ட வேண்டியது டி குறியில் மட்டுமே. இருட்டான சிறு ஜன்னல் வழியாக எண்ணெய் படிந்த குறியைப் பார்க்கும்போது இரண்டையும் மாற்றிப் பார்ப்பது மிக எளிது. துணியால் துடைத்து, டி குறியின் மேல் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்துவிடுவேன். இரண்டு நிமிட வேலை, மனக்குழப்பம் மிச்சம்.

செயினைக் கேம் ஸ்ப்ராக்கெட்டில் இன்னும் மாட்டாத நிலையில் கிராங்கைச் சுற்றும்போது செயினைக் கையால் மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டே சுற்ற வேண்டும். விட்டுவிட்டால் கீழே கிராங்க் ஸ்ப்ராக்கெட்டில் அது குவிந்து சிக்கிக்கொள்ளும். செயின் போகும் குழியில் சுத்தமான துணியைத் திணித்து வையுங்கள். கேம் ஸ்ப்ராக்கெட் போல்ட் ஒன்று கிராங்க் கேஸுக்குள் விழுந்தால் டைமிங்கை மறந்துவிட்டு அதைத் தேடத்தான் நேரம் போகும்.

டி குறி நேராக நிற்கும்போது கேம் ஸ்ப்ராக்கெட்டின் கோடு ஹெட்டின் மேல் விளிம்புக்கோ, ஹெட்டில் உள்ள வெட்டுக்கோ நேராக வர வேண்டும். ராக்கர் (கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் சிறு கை) உள்ள ஒற்றைக் கேம் எஞ்சின்களில் பெரும்பாலும் இந்த நிலையில் கேமின் மூக்குகள் (வால்வை அழுத்தும் மேடுகள்) கீழே பிஸ்டனைப் பார்த்திருக்கும், இரண்டு ராக்கர்களும் லூஸாக இருக்கும். உங்கள் எஞ்சினின் குறி எப்படி என்பதை அதன் சர்வீஸ் கையேட்டில் பாருங்கள்.

இப்போது முக்கியமான இடம். டென்ஷனர் (செயினை அழுத்தித் தொய்வை எடுக்கும் பாகம்) அழுத்தாத பக்கம்தான் கிராங்க் கேமை இழுக்கும் பக்கம். பல வண்டிகளில் இது முன்பக்கம், அதாவது சைலன்சர் பக்கம். குறிகளை ஒப்பிடும்போது இந்தப் பக்கச் செயின் விறைப்பாக இருக்க வேண்டும். தொய்வு முழுவதும் டென்ஷனர் பக்கம் போயிருக்க வேண்டும். முன்பக்கம் தொய்வை வைத்துக்கொண்டு குறியைச் சேர்த்தால் பார்க்க அழகாக இருக்கும். டென்ஷனர் போட்டு ஒரு சுற்று சுற்றியதும் கேம் ஒரு பல் பின்தங்கிவிடும்.

டென்ஷனர் போடும்முன் அதன் தண்டை உள்ளே தள்ளிப் பூட்ட வேண்டும். போட்ட பிறகு பூட்டை விடுவிக்க வேண்டும். அப்புறம் எஞ்சினைக் கையால் முழுதாக இரண்டு சுற்று சுற்றி, மறுபடி டி குறிக்கு வந்து பாருங்கள். குறி தாண்டிப் போய்விட்டால் பின்னால் திருப்ப வேண்டாம். பின்னால் திருப்பினால் தொய்வு இழுக்கும் பக்கத்துக்கு வந்துவிடும், காட்சி பொய்யாகும், டென்ஷனரும் கெடலாம். மறுபடி இரண்டு சுற்று முன்னால் சுற்றி வாருங்கள்.

ராக்கர் லூஸ், ஆகவே டைமிங் சரி என்பது தவறு

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், இந்த ஒரு நம்பிக்கைதான் பலரையும் ஏமாற்றுகிறது, அன்று என்னையும் ஏமாற்றியது. கம்ப்ரஷன் முடிவில் பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது இரண்டு ராக்கரும் ஆடுகின்றன, டேப்பெட் இடைவெளியும் (ராக்கருக்கும் வால்வு முனைக்கும் நடுவில் விடும் சிறு இடைவெளி) அளவெடுக்க முடிகிறது, அப்படியானால் டைமிங் சரி என்று நினைக்கிறோம். ஆனால் இன்லெட் வால்வு மூடுவது இந்த உச்சிக்கு ஏறக்குறைய 140 டிகிரி முன்னால். எக்ஸாஸ்ட் வால்வு திறப்பது ஏறக்குறைய அதே அளவு பின்னால். நடுவில் இருக்கும் அந்த நீண்ட தூரம் முழுவதும் ராக்கர்கள் லூஸாகத்தான் இருக்கும். ஒரு பல் என்ன, மூன்று பல் தள்ளியிருந்தாலும் லூஸாகவே இருக்கும்.

ராக்கர் லூஸாக இருப்பது இது கம்ப்ரஷன் உச்சி என்பதை மட்டுமே சொல்கிறது. பல் சரியா என்று அறிய மற்ற உச்சிக்குப் போக வேண்டும். கிராங்கை இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றி மறுபடி டி குறியில் நிறுத்துங்கள். இது எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடிந்து இன்லெட் ஸ்ட்ரோக் தொடங்கும் இடம். இங்கே எக்ஸாஸ்ட் வால்வு மூடி முடிக்கும் தறுவாயிலும், இன்லெட் வால்வு திறக்கத் தொடங்கிய நிலையிலும் இருக்கும். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு, கொஞ்சமே திறந்திருக்கும். எல்லாக் கேமிலும் துல்லியமாகச் சமமாக இருக்காது, ஆனால் பெரிய வித்தியாசம் இருக்கக் கூடாது.

இதே இடத்தில் எக்ஸாஸ்ட் முழுதாக மூடி, இன்லெட் நன்றாகத் திறந்திருந்தால் கேம் முந்தியிருக்கிறது. இன்லெட் அசையவே தொடங்காமல், எக்ஸாஸ்ட் இன்னும் நன்றாகத் திறந்திருந்தால் கேம் பின்தங்கியிருக்கிறது. ஒரு பல் பிழை இந்த இடத்தில் கண்ணுக்கே தெரியும். ஸ்ப்ராக்கெட்டில் குறி தேய்ந்து போன எஞ்சினிலும், வேறு வண்டியின் கேம் போட்ட எஞ்சினிலும் இந்த ‘உச்சிச் சோதனை’ கைகொடுக்கும். டேப்பெட் இடைவெளியை முதலில் சரியாக வைத்துவிட்டுச் செய்யுங்கள், அவ்வளவுதான்.

அறிகுறி: கையால் சுற்றும்போது ஓரிடத்தில் முட்டி நிற்கிறது

நிறுத்துங்கள். ஸ்பானரில் கூடுதல் பலம் கொடுக்கக் கூடாது. கிக்கரையோ செல்ஃபையோ தொடவே கூடாது.

கம்ப்ரஷன் எதிர்ப்பு மெத்தென்று இருக்கும், அழுத்திப் பிடித்தால் மெல்ல இறங்கும். பிளக்கைக் கழற்றிவிட்டால் அதுவும் இருக்காது. உலோகம் உலோகத்தில் முட்டுவது அப்படி இல்லை, சட்டென்று சுவரில் மோதியது போல நிற்கும். ஒவ்வொரு முறையும் அதே கிராங்க் நிலையில் நின்றால் பிஸ்டன் வால்வைத் தொடுகிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கொஞ்சம் பின்னால் திருப்பி, டென்ஷனரைக் கழற்றி, கேமை எடுத்துவிட்டு முதலிலிருந்து வையுங்கள். கையால் மெதுவாகச் சுற்றி முட்டிய வால்வு பெரும்பாலும் வளைவதில்லை. கிக்கரில் முட்டியது வளையும்.

வளைந்ததா என்று ஹெட்டைக் கழற்றாமல் அறிய ஒரு வழி உண்டு. வளைந்த வால்வு அதன் இருக்கையில் முழுதாக உட்காராது, கொஞ்சம் கீழேயே தொங்கும். அதனால் அந்த வால்வின் டேப்பெட் இடைவெளி திடீரென்று கூடியிருக்கும். நேற்று 0.10 மி.மீ. வைத்த இடத்தில் இன்று 0.40 மி.மீ. நுழைந்தால் அந்த வால்வைச் சந்தேகப்படுங்கள்.

கேமைச் சரியாக வைத்த பிறகும் முட்டினால், பிளக் துளை வழியாக ஏதாவது உள்ளே விழுந்திருக்கிறதா, பிஸ்டன் திசை மாறிப் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிஸ்டன் தலையில் வால்வுக்கான பள்ளங்கள் உண்டு. இன்லெட் பள்ளம் பெரிதாகவும் எக்ஸாஸ்ட் பள்ளம் சிறிதாகவும் இருக்கும் பிஸ்டனைத் திருப்பிப் போட்டால் பெரிய வால்வு சிறிய பள்ளத்தில் முட்டும்.

அறிகுறி: ஸ்டார்ட் ஆகவில்லை, கார்புரேட்டர் வழியாகத் துப்புகிறது

ஸ்பார்க் இருக்கிறது, பெட்ரோல் வருகிறது, உதைத்தால் கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் ஆவி திரும்பி வருகிறது அல்லது ‘டப்’ என்று வெடிக்கிறது. கேம் பின்தங்கியிருந்தால் இன்லெட் வால்வு தாமதமாக மூடும். பிஸ்டன் மேலே வரும்போது, இழுத்த கலவையில் ஒரு பகுதியைத் திறந்திருக்கும் அதே வால்வு வழியாகத் திருப்பித் தள்ளிவிடும். ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டர் வாய்க்கு முன்னால் உள்ளங்கையைப் பிடித்து மெதுவாக உதைக்கச் சொல்லுங்கள். கை ஒவ்வொரு முறையும் ஈரமானால் மேலே சொன்ன உச்சிச் சோதனைக்குப் போங்கள். பிளக் ஒயரைக் கழற்றித் தரையிணைப்புக் கொடுத்துவிட்டு இதைச் செய்ய வேண்டும், வெடித்தால் கை சுடும்.

கிக்கர் காலைத் திருப்பி அடிக்கிறது என்றால் முதல் சந்தேகம் கேம் இல்லை, மேக்னட் சாவி. மேக்னட்டையும் கிராங்கையும் இணைக்கும் அந்தச் சிறு அரைவட்டச் சாவி அறுந்திருந்தால் மேக்னட் கொஞ்சம் சுழன்று நிற்கும், ஸ்பார்க் நேரமும் மாறும். இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. டி குறி இருப்பதும் அதே மேக்னட்டில்தான். சாவி அறுந்த எஞ்சினில் டி குறியை நம்பிக் கேம் வைத்தால் கேமும் தவறாகிவிடும். உண்மையான உச்சியைக் கண்டுபிடிக்கும் முறையைக் கடைசியில் சொல்கிறேன்.

அறிகுறி: கம்ப்ரஷன் குறைவு

தேவையில்லாமல் அதிகம் பிரிக்கப்படும் எஞ்சின்கள் இந்த அறிகுறியால்தான் பிரிக்கப்படுகின்றன. ஆகவே இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

முதலில் அளவைச் சரியாக எடுத்தீர்களா என்று பாருங்கள். பிளக் துளையில் கம்ப்ரஷன் கேஜைப் பூட்டி, ஆக்ஸிலரேட்டரை முழுதாகத் திறந்து பிடித்து, முள் இனி ஏறாது என்ற நிலை வரும்வரை உதைக்க வேண்டும். ஆக்ஸிலரேட்டர் மூடியிருந்தால் காற்றே உள்ளே போகாது, நல்ல எஞ்சினும் நோயாளியாகத் தெரியும்.

அடுத்து டேப்பெட். இடைவெளியே இல்லாமல் இறுகிய வால்வு முழுதாக மூடாது. புதிதாக லேப்பிங் செய்த வால்வுகள் இருக்கையில் கொஞ்சம் உள்ளே இறங்கி உட்காரும், தண்டின் முனை மேலே வரும், இடைவெளி குறையும். ஹெட் வேலை முடிந்ததும் பழைய டேப்பெட் அளவு அப்படியே இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

மூன்றாவதாக டிகம்ப்ரஷன் அமைப்பு. பல எஞ்சின்களில் கேமிலேயே ஒரு சிறு பொறி உண்டு. ஸ்டார்ட் செய்யும் மெதுவான வேகத்தில் அது எக்ஸாஸ்ட் வால்வை லேசாகத் தூக்கி வைக்கும், வேகம் ஏறியதும் விட்டுவிடும். இந்தப் பொறி உள்ள எஞ்சினில் கேஜ் அளவு இயல்பாகவே குறைவாக இருக்கும். அது சிக்கிக்கொண்டால் எப்போதும் தூக்கியே வைத்திருக்கும். கேமை எடுத்த கையோடு அந்தப் பொறியை விரலால் அசைத்துப் பாருங்கள், தானாகத் திரும்பி வர வேண்டும்.

இவை எல்லாம் சரி, கேஜ் இன்னும் குறைவாகவே காட்டுகிறது. இப்போது ரிங்கா, வால்வா, டைமிங்கா என்று பிரித்தறிய என்னிடம் உள்ள மிக நல்ல வழி காற்றழுத்தச் சோதனை. கம்ப்ரஷன் உச்சியில் பிஸ்டனை நிறுத்தி, கியரில் போட்டுப் பின் பிரேக்கை அழுத்திப் பிடித்து, பிளக் துளை வழியாகக் காற்றைச் செலுத்துங்கள். மேக்னட் நட்டில் ஸ்பானரை விட்டுவைக்காதீர்கள், காற்றின் விசையில் கிராங்க் சட்டென்று சுழலும். பிறகு காது கொடுத்துக் கேளுங்கள். காற்று கார்புரேட்டரில் சீறினால் இன்லெட் வால்வு, சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, எண்ணெய் ஊற்றும் துளையில் சீறினால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். புது ரிங் இன்னும் பதியாததால் எண்ணெய்த் துளையில் லேசான காற்று வருவது இயல்பு.

இந்தச் சோதனையில் எஞ்சின் காற்றை நன்றாகப் பிடித்து நிற்கிறது, ஆனால் கம்ப்ரஷன் கேஜ் மட்டும் குறைவாகக் காட்டுகிறது என்றால் குற்றவாளி கிட்டத்தட்ட உறுதி. வால்வும் ரிங்கும் நன்றாக அடைக்கின்றன, ஆனால் எஞ்சின் சுற்றும்போது வால்வு தவறான நேரத்தில் மூடுகிறது. கேம் பின்தங்கியிருக்கிறது, அல்லது டிகம்ப்ரஷன் பொறி சிக்கியிருக்கிறது. பிளாக்கைத் தொட வேண்டாம், வால்வு கவரை மட்டும் திறங்கள். என்னுடைய அந்த எஞ்சின் இந்த வகைதான்.

அறிகுறி: ஓடுகிறது, ஆனால் பழைய எஞ்சின் இல்லை

ஒரு பல் தள்ளிய எஞ்சின் பல நேரம் ஓடவே செய்யும். அதுதான் சிக்கல். எப்படி ஓடுகிறது என்பதில் விடை இருக்கிறது.

கேம் முந்தியிருந்தால் இன்லெட் சீக்கிரம் மூடும். குறைந்த வேகத்தில் கம்ப்ரஷன் நன்றாக இருக்கும், சில சமயம் வழக்கத்தைவிடக் கூடவே இருக்கும். கீழே இழுவை உண்டு, ஆனால் வேகம் ஏற ஏற மூச்சு முட்டும். பின்தங்கியிருந்தால் நேர் எதிர்: ஐடிலில் நிலையாக நிற்காது, புறப்படும்போது சோர்வு, ஸ்டார்ட் செய்யவே பல உதை, மேல் வேகத்தில் மட்டும் ஓரளவு தெளியும். முதல் வகையை மெயின் ஜெட் அடைப்பு என்றும், இரண்டாவதைப் பைலட் ஜெட் அடைப்பு என்றும் தவறாக எண்ணிக் கார்புரேட்டரைப் பிரிப்பவர்கள் உண்டு. பிரிப்பதற்குமுன் ஒரு கேள்வி: இந்தக் குறை எஞ்சினைப் பிரிக்கும் முன்பே இருந்ததா? பூட்டிய பிறகே வந்தது என்றால், பூட்டியபோது நீங்கள் தொட்ட பாகங்களிலிருந்து தொடங்குங்கள்.

அறிகுறி: குறி ‘அரைப் பல்’ தள்ளி நிற்கிறது

டி குறியில் நிறுத்தினால் கேம் கோடு கொஞ்சம் மேலே. செயினை ஒரு பல் மாற்றிப் போட்டால் கொஞ்சம் கீழே. எது சரி என்று தெரியவில்லை.

செயினில் அரைப் பல் என்று ஒன்று கிடையாது. ஒரு பல் அல்லது இரண்டு பல், அவ்வளவுதான். ஆகவே அரைப் பல் தெரிந்தால் தவறு வேறெங்கோ இருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது, நீங்கள் நிற்பது டி குறியிலா எஃப் குறியிலா என்பதை. எஃப் குறி உச்சிக்கு 15 டிகிரி முன்னால் இருப்பதாகக் கொள்வோம். அங்கே கிராங்கை நிறுத்திக் கேம் கோட்டைச் சேர்க்கப் பார்த்தால் ஒரு பக்கம் 4 மி.மீ., ஒரு பல் மாற்றினால் மறுபக்கம் 2 மி.மீ. தள்ளி நிற்கும். 2 மி.மீ. தானே, செயின் பழசு என்று நினைத்து மூடிவிடுவோம். உண்மையில் அந்த எஞ்சின் முழுதாக ஒரு பல் முந்தி ஓடும்.

நிற்பது டி குறியில்தான் என்று உறுதியானால் அடுத்தது செயின் நீட்சி. இழுக்கும் பக்கத்தில் செயின் 1 மி.மீ. நீண்டிருந்தால் 32 பல் ஸ்ப்ராக்கெட்டில் கிராங்க் கணக்கில் சுமார் 3.5 டிகிரி கேம் பின்தங்கும். ஹெட்டையோ பிளாக்கையோ சீவி மட்டம் செய்திருந்தாலும் இதே திசைதான்: கேமுக்கும் கிராங்குக்கும் இடையே தூரம் குறைவதால் இழுக்கும் பக்கத்தில் மிச்சம் வருகிறது, கேம் பின்தங்குகிறது. தடிமனான கேஸ்கெட் போட்டால் எதிர்த்திசை, கேம் முந்தும். சீவிய ஹெட்டும் பழைய செயினும் ஒரே எஞ்சினில் சேர்ந்தால் இரண்டும் கூடிக்கொள்ளும். எஞ்சினைத் திறந்திருக்கும் இந்த நேரத்தில் புதுச் செயின் போட்டுவிடுங்கள், டென்ஷனர் பட்டையின் ரப்பரில் பள்ளம் விழுந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். புதுச் செயினோடும் 1 மி.மீ.க்குள் சிறு வித்தியாசம் மிஞ்சினால், எந்தப் பல்லில் வித்தியாசம் குறைவோ அதில் வைத்து, அந்த உச்சிச் சோதனையால் உறுதி செய்யுங்கள்.

அறிகுறி: பூட்டும்போது சரி, சுற்றிய பிறகு தவறு

இழுக்கும் பக்கத்தில் தொய்வு இருந்தபடி பூட்டியிருக்கிறீர்கள், அல்லது டென்ஷனரின் பூட்டை விடுவிக்க மறந்திருக்கிறீர்கள். ஸ்க்ரூ டிரைவரால் சுற்றி உள்ளே இழுக்கும் வகை என்றால், விடுவித்ததும் தண்டு முன்னால் பாய்வதைக் கையால் உணரலாம். படிப்படியாகப் பல் ஏறும் வகை என்றால், ஸ்பிரிங்கைப் போட்டு மூடி போல்ட்டை இறுக்கும்போது டிக் டிக் என்று கேட்க வேண்டும்.

டென்ஷனர் போல்ட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுத் திரும்ப இறுக்கும் பழக்கம் வேண்டாம். தளர்த்திய அந்தக் கணத்தில் தண்டு இன்னும் முன்னால் வந்து பூட்டிக்கொள்ளும். திரும்ப இறுக்கினால் செயின் அளவுக்கு மீறி விறைக்கும், எஞ்சின் கைக்குக் கனமாகச் சுற்றும், ஓடும்போது ஊளையிடும். தளர்த்தினால் முழுதாகக் கழற்றி, தண்டை உள்ளே தள்ளி, புதிதாகப் பூட்டுங்கள்.

இன்னொரு காரணம், கேமில் ஸ்ப்ராக்கெட்டைப் பிடிக்கும் சிறு ஊசி. அது அறுந்திருந்தாலோ விடுபட்டிருந்தாலோ ஸ்ப்ராக்கெட் குறி சரியாக நிற்கும், கேம் மட்டும் வேறு இடத்தில் நிற்கும். இரண்டு போல்ட்டில் நிற்கும் ஸ்ப்ராக்கெட் சிலவற்றைத் திருப்பியும் போட முடியும் என்பதால், மூக்குகள் எங்கே பார்க்கின்றன என்பதையும் பாருங்கள்.

அறிகுறி: சத்தம்

ஐடிலில் கடகடவென்று கேட்டு, ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் குறைந்தால் பெரும்பாலும் செயின் தொய்வு. சீரான டிக் டிக் என்றால் டேப்பெட். டைமிங் தள்ளியதற்குத் தனியான சத்தம் என்று ஒன்று இல்லை, ஆனால் தொய்ந்த செயின் நாளை பல் தாண்டும். சத்தத்தோடு வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

இரட்டைக் கேம், இரட்டை சிலிண்டர்

இரட்டைக் கேம் எஞ்சினில் எக்ஸாஸ்ட் கேமை முதலில் வையுங்கள். கிராங்கிலிருந்து அதுவரை செயின் விறைப்பாக இருக்க வேண்டும். பிறகு இன்லெட் கேம், இரண்டுக்கும் நடுவிலும் தொய்வு கூடாது. பல கையேடுகள் இரண்டு குறிகளுக்கு இடையே எத்தனை செயின் பின்கள் வர வேண்டும் என்று எண்ணிக்கையே கொடுத்திருக்கும். கண் மட்டத்தை நம்புவதைவிட எண்ணுவது நல்லது. இரண்டு கேமுக்கும் ஒரே மாதிரி ஸ்ப்ராக்கெட் என்றால் ஒவ்வொன்றிலும் இன்லெட் குறி, எக்ஸாஸ்ட் குறி இரண்டுமே பொறித்திருக்கும், எதைப் படிக்கிறோம் என்று கவனம் வேண்டும். ஒரு கேம் மட்டும் தள்ளினால் மேலே சொன்ன ‘முந்தியது, பின்தங்கியது’ அடையாளங்கள் கலந்து தெரியும். அதனால் ஒவ்வொரு கேமையும் தனித்தனியாகப் பாருங்கள்.

கேம் தாங்கி மூடிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக, குறுக்கு வரிசையில் இறுக்குங்கள். ஒரு பக்கம் முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் வால்வு ஸ்பிரிங்கின் விசையில் மூடியோ கேமோ உடையும்.

வி வடிவ இரட்டை சிலிண்டரில் ஒரு சிலிண்டரை வைத்த பிறகு, கையேடு சொல்லும் டிகிரி அளவு கிராங்கைச் சுற்றித்தான் அடுத்த சிலிண்டருக்குப் போக வேண்டும். பழைய புஷ்ராட் (கேம் கீழே இருந்து, நீண்ட தண்டுகளால் வால்வை இயக்கும்) எஞ்சின்களில் கியர்களில் புள்ளிகள் இருக்கும். நடுவில் இடைக் கியர் இருந்தால் பூட்டும்போது சேர்ந்த புள்ளிகள் இரண்டு சுற்றுக்குப் பிறகு சேராது, பல சுற்றுகள் கழித்தே மறுபடி சேரும். பயந்து பிரிக்க வேண்டாம், அங்கே உச்சிச் சோதனைதான் நம் கண்.

குறியையே நம்ப முடியாதபோது

மேக்னட் மாற்றப்பட்டிருக்கிறது, சாவி அறுந்திருக்கிறது, குறி தேய்ந்திருக்கிறது. உண்மையான உச்சியை நாமே கண்டுபிடிக்க வேண்டும். பிளக் துளையில் குச்சி விட்டு ‘இதுதான் மேலே’ என்று முடிவு செய்வது போதாது. 50 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள எஞ்சினில் உச்சியிலிருந்து 5 டிகிரி விலகினாலும் பிஸ்டன் இறங்குவது ஏறக்குறைய 0.12 மி.மீ. மட்டுமே. குச்சிக்கு அது தெரியாது.

பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்து, அதில் முனை மழுங்கிய ஒரு போல்ட்டைப் பொருத்தி, பிஸ்டன் உச்சிக்குக் கொஞ்சம் முன்பே தடுத்து நிறுத்தும்படி துளையில் பூட்டுங்கள். கேமைக் கழற்றிவிட்டு, வால்வுகள் மூடிய நிலையில் இதைச் செய்வது பாதுகாப்பு. கிராங்கில் டிகிரி வட்டு ஒன்றை மாட்டி, கம்பி ஒன்றை முள்ளாக வையுங்கள். முன்னோக்கி மெதுவாகச் சுற்றி, பிஸ்டன் போல்ட்டைத் தொடும் இடத்தைக் குறியுங்கள். பின்னோக்கிச் சுற்றி மறுபடி தொடும் இடத்தையும் குறியுங்கள். செயினை எப்போதும் மேலே இழுத்துப் பிடித்திருக்க மறக்காதீர்கள். இரண்டு குறிகளுக்கும் சரியான நடுவே உச்சி. அங்கே வட்டைப் பூஜ்ஜியத்துக்குத் திருப்பி வைத்து, தடுப்பு போல்ட்டைக் கழற்றிவிடுங்கள்.

இனி கேமைப் பூட்டி, டென்ஷனரையும் போட்டு, இன்லெட் வால்வின் மேல் டயல் கேஜை வைத்து, வால்வு 1 மி.மீ. இறங்கும் இடத்தையும், திரும்பி ஏறி 1 மி.மீ. மிச்சமிருக்கும் இடத்தையும் வட்டில் படியுங்கள். உச்சிக்கு 5 டிகிரி முன் திறந்து, கீழ் உச்சிக்கு 35 டிகிரி பின் மூடுகிறது என்றால் மொத்தம் 220 டிகிரி. அதில் பாதி 110, அதிலிருந்து 5 போனால் 105. அதாவது வால்வு முழுதாகத் திறக்கும் மையம் உச்சிக்கு 105 டிகிரி பின்னால். கையேட்டில் உள்ள திறப்பு, மூடல் அளவுகளுக்கும் இதே கணக்கைப் போட்டு ஒப்பிடுங்கள், ஆனால் அந்த அளவு எத்தனை மி.மீ. திறப்பில் எடுத்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் எண் குறைவாக இருந்தால் கேம் முந்தியிருக்கிறது, கூடுதலாக இருந்தால் பின்தங்கியிருக்கிறது. 20 டிகிரியை ஒட்டிய வித்தியாசம் என்றால் ஒரு பல். மூன்று நான்கு டிகிரி என்றால் செயினும் சீவிய ஹெட்டும்.

எல்லாம் சேர்ந்த பிறகு புது உச்சிக்கு நேராக மேக்னட்டில் ஒரு வெட்டுக் குறி போட்டுவிடுங்கள். ஸ்ப்ராக்கெட் போல்ட்டுகளைக் கையேடு சொல்லும் விசையில் இறுக்கி, இழைப் பசை (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை) கேட்டிருந்தால் போட்டு, செயின் குழியில் திணித்த துணியை எடுத்து, பிளக் இல்லாமல் கையால் இன்னும் இரண்டு சுற்று சுற்றுங்கள். முட்டவில்லை, குறி நிற்கிறது என்றால் பிளக்கைப் போடலாம். முதல் முறை நன்றாகச் சூடேறி முழுதாகக் குளிர்ந்த பிறகு டேப்பெட் இடைவெளியை ஒருமுறை திரும்ப அளந்துவிடுங்கள்.